தொடாததால செத்த லேப்டாப்புங்க

ஒரு ஊர்ல ஒரு இரும்பு பீரோ இருந்துச்சு. என்ன சிரிக்கிற? ராஜா இல்ல, ராணி இல்ல, பீரோதான். நீ "ம்" கொட்டிக்கிட்டே வரணும், இல்லன்னா நிறுத்திடுவேன்.

ம்.

ஊரு பேரு நெடுங்கரை. அங்க எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டரைப் பெரிய சார்னு சொல்வாங்க. அவரு ரூம்லதான் அந்த பீரோ. உள்ள இருபது குட்டி லேப்டாப். விலை கம்மி, ஆனா உழைக்கிற சாமான். அந்த ஊர்ப் பிள்ளைங்களும் அறிவியல் படிக்கட்டும்னு யாரோ புண்ணியவானுங்க குடுத்தது. குடுத்து ரெண்டு வருஷம். ஒரு பிள்ளையோட விரல் அது மேல பட்டதில்ல!

அங்க அறிவியல் டீச்சரு அமலோற்பவம். அமலி டீச்சர்னு கூப்பிடுவாங்க. அவங்க போயி, "சார், பீரோ சாவி குடுங்க, பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தணும்"னு கேட்டாங்க.

"ஒண்ணு உடைஞ்சா யாரு டீச்சர் பதில் சொல்றது?"ன்னு அவரு பேச்சை முடிச்சுட்டாரு.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸர் வந்தாரு. அன்னிக்கு பீரோ கிரீச்சுனு தொறந்துச்சு. லேப்டாப்பைத் துடைச்சு பிள்ளைங்க முன்னாடி ஆளுக்கு ஒண்ணு வெச்சாங்க. ஆன் பண்ணக் கூடாது, தொடக் கூடாது, பாத்துச் சிரிக்க மட்டும் செய்யணும். க்ளிக், க்ளிக், ஃபோட்டோ. ஜீப்பு டுர்ர்ருனு போனதும் எல்லாம் மறுபடி உள்ள. டமால்!

அமலி டீச்சர் விடுவாங்களா? ரெண்டாவது தடவை பெரிய சார்கிட்ட போயி சாவி கேட்டாங்க. "அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதுசா இருக்க வேணாமா?"ங்கறாரு மனுஷன்! நியாயமா இது?

ம்ஹூம்.

அதுக்கப்புறம் கிளாஸ்ல தினம் நாலு பேரு வரல, அஞ்சு பேரு வரல. வயித்து வலி, வயித்துப் போக்கு. "கண்ட முட்டாயைத் தின்னா வராதா?"ன்னாரு பெரிய சார். டீச்சருக்குச் சந்தேகம் ஊரு தண்ணித் தொட்டி மேல. அதுல 'சுத்தம் செய்த நாள்'னு பெயிண்ட்டுல எழுதியிருக்கும். மாசாமாசம் தேதி மட்டும் மாறும். மேல ஏணியில ஒருத்தரும் ஏறி அவங்க பாத்ததே கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட சொன்னாங்க. "தேதி போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா டீச்சர்?"னு அவரு கேட்டாரு பாரு!

அப்போ தேன்கனின்னு ஏழாங்கிளாஸ் பொண்ணு. வாய் ஓயாம கேள்வி கேக்குற பொண்ணு. கிளாஸ்லயே தொப்புனு விழுந்துட்டா. டீச்சரு ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில சேத்தாங்க. கையில ஊசி குத்தி, சொட்டு சொட்டா குளுக்கோஸ் ஏறுது. அதைப் பாத்துட்டு நேரா பெரிய சார் ரூமுக்கு வந்தாங்க. மூணாவது தடவை. சேலையில பிள்ளை எடுத்த வாந்தி கூட இன்னும் காயல.

"சாவி."

"இல்ல டீச்சர், அது வந்து..."

"சாவி குடுங்க சார். அந்தத் தண்ணியில என்ன இருக்குன்னு பாக்கணும். எது உடைஞ்சாலும் என் பேருல எழுதிக்கோங்க."

சொல்லிட்டு அவரு எதிர்லயே நாற்காலியில உக்காந்துட்டாங்க. அவரு டீச்சர் சேலையைப் பாத்தாரு, மூஞ்சியப் பாத்தாரு, சாவியத் தள்ளி விட்டாரு.

தூங்கிட்டியா?

இல்ல... ம்.

பீரோவத் தொறந்து, எல்லாத்தையும் சார்ஜ் போட்டுப் பாத்தா, இருபதுல ஒம்பது எந்திரிக்கவே இல்ல. செத்துப் போச்சு. தொட்டதால இல்லடி, தொடாததால!

மிச்சம் பதினொண்ணு. அதுல ஒண்ணை டீச்சர் மேசையில மல்லாக்க விரிச்சு வெச்சாங்க. அதோட கேமராக் கண்ணு மேல, விளையாட்டு லேசர் லைட்டுல இருந்து கழட்டின, பொடிசையும் பெருசாக் காட்டுற, பொட்டு மாதிரி ஒரு லென்ஸை ஒட்டுனாங்க. அதுக்கு மேல சின்ன கண்ணாடித் துண்டு. ஊருத் தொட்டித் தண்ணி வர்ற குழாயத் திருகி ஒரே ஒரு சொட்டு. ப்ளக்! அப்புறம் திரையப் பாத்தா, ஐயோ, நெளுநெளுன்னு நெளியுது, விறுவிறுன்னு ஓடுது! பிள்ளைங்க "ஏய்ய்ய்"னு பின்னாடி போயிடுச்சுங்க. வீட்டுல கொதிக்க வெச்ச தண்ணியில ஒரு சொட்டு விட்டா, ஒண்ணுமே அசையல.

பிள்ளைங்க ஓடிப்போயி அம்மாமாரைக் கூட்டிட்டு வந்துச்சுங்க. தேன்கனியோட அம்மா பேச்சியம்மா ஆஸ்பத்திரியில இருந்து பிளாஸ்கோட வந்தா. குனிஞ்சு பாத்தா. "இதையா எம்புள்ள குடிச்சா?"ன்னா.

தலைவர் வேட்டியத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு வந்தாரு. "என்ன டீச்சர், சினிமாப் படம் காட்டி சனங்களைக் கிளப்புறீங்களா?"

டீச்சர் வாயைத் தொறக்கறதுக்குள்ள பேச்சியம்மா குழாய்ல ஒரு டம்ளர் பிடிச்சு அவரு முன்னாடி நீட்டுனா. "குடிங்க தலைவரே. படம்தானே."

அவரு டம்ளரப் பாக்குறாரு, திரையப் பாக்குறாரு. கை நீளவே இல்ல.

அப்போ ரெண்டு பொம்பளைங்க சேலையச் சொருகிக்கிட்டு தடதடன்னு ஏணியில ஏறி மூடியத் தொறந்தாங்க. குப்புனு நாத்தம்! முழங்கை ஆழத்துக்குச் சேறு, அதுல அழுகின புறா. கீழ தொட்டிச் சுவத்துல பளபளன்னு போன வாரத் தேதி!

ரெண்டு நாள் தொட்டியத் தேச்சாங்க. தேன்கனி பத்து நாள் கழிச்சு எலும்பும் தோலுமா கிளாஸுக்கு வந்து, "டீச்சர், எனக்குக் காட்டவே இல்லியே"ன்னு சண்டை போட்டா.

ஆனா கேளு, பொய்த் தேதி எழுதினவனுக்கு ஒரு கேள்வி கிடையாது. அமலி டீச்சருக்குத்தான் கல்வி ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்துச்சு, 'அனுமதி இல்லாமல் லேப்டாப்பைப் பயன்படுத்தியது ஏன்?'னு! டீச்சர் செவப்பு மையில ரெண்டே வரி எழுதி அனுப்பினாங்க. 'படிக்கக் குடுத்தது. படிச்சோம்.' அதுக்கு அந்த ஆபீஸ்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

கேக்குறியா?

...

கதையும் தீந்துச்சு, உன் கண்ணும் சொருகிடுச்சு. எனக்குத்தான் இன்னும் கோவம் ஆறல. நீ தூங்குடி.