நஸ்ரினுக்குப் புரிந்த பூ

“இனிமே என்னால ஒரு படம்கூடச் செய்ய முடியாது இசக்கி” என்றார் ரெஜினா டீச்சர்.

பார்வையற்றோர் பள்ளியில் கடைசி மணி அடித்து, பிள்ளைகள் விடுதிக்குப் போய்விட்டார்கள். கணக்கு வாத்தியார் இசக்கிமுத்து மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்.

குரு என்றால் தாடி நரைத்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? பிறவியிலேயே பார்வை இல்லாத இந்த இசக்கிமுத்து, ரெஜினா டீச்சரிடமே படித்த பையன்தான். ஆனாலும் அந்தப் பள்ளியில் யாருக்கு மனம் முட்டிக்கொண்டாலும் கடைசியில் இவர் முன்னால்தான் வந்து நிற்பார்கள். இவர் பேசுவது குறைவு. அதனாலேயே வந்தார்கள் போலிருக்கிறது.

“என்ன நடந்துச்சு டீச்சர்?”

“நஸ்ரினுக்குச் செம்பருத்திப் பூ செஞ்சேன். பூவ நெடுக வெட்டினா உள்ள எப்பிடி இருக்கும்னு பாடத்துல வருதுல்லா, அது. அட்டையில சணல ஒட்டி, இதழுக்கு உப்புத்தாள் வெச்சு.”

“சரி.”

“தடவிப் பாத்தா. புரியுது டீச்சர்னா. இதழெல்லாம் அழகா இருக்குன்னா.”

“நல்லதுதான?”

“அவ கையில இருந்தது பூ இல்ல இசக்கி. தாமிரபரணி.”

இசக்கிமுத்து முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“ஆத்துப் படத்த மாத்திக் குடுத்துட்டேன். சாயங்காலம் அட்டைய எல்லாம் அடுக்கும்போது பாக்கேன், பூ அலமாரியிலயே கெடக்கு.”

“குடுக்கும்போது கவனிக்கலயா?”

“நான் அட்டைய எங்க பாத்தேன்? அவ முகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டா?”

எந்தப் பிள்ளை கையில் படத்தைக் கொடுத்தாலும் டீச்சர் அப்படித்தான் நிற்பார்.

“புரியுதுன்னு அவ சொன்னதும் என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்ய? சந்தோஷப்பட்டேன். அடுத்த பிள்ளைகிட்டப் போயிட்டேன்.”

“அப்புறம் நஸ்ரின்கிட்டப் போனீங்களா?”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவ? அந்தப் பிள்ளை பதினொண்ணுல அறிவியல்தான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கி. ரெஜினா டீச்சர் படம் செஞ்சு தருவாங்கங்கிற தைரியத்துல நிக்கி.”

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நஸ்ரின் மட்டுமா? இத்தன வருசமா எல்லாப் பிள்ளைகளும் புரியுதுன்னுதான் சொல்லிச்சு. அதுல எத்தன பேரு என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாங்களோ. விழலுக்கு இறைச்ச தண்ணிதான் எல்லாம்.”

பிரெயில் புத்தகங்களில் படம் வர வேண்டிய இடத்தில் ‘படம் விடப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் மேல் வந்த ஆத்திரத்தில்தான் டீச்சர் முதன்முதலாகக் கத்தரிக்கோலையும் சணலையும் கையில் எடுத்தார்.

“அந்த வரியாவது பொய் சொல்லல” என்றார் இப்போது. “நாளையிலருந்து நானும் அதையே அடிச்சுக் குடுத்துடுதேன்.”

அழுதார். இசக்கிமுத்துவிடம் கண்ணீரை மறைத்துவிடலாம், மூச்சை மறைக்க முடியாது.

அவர் தேற்றவில்லை. டீச்சர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்.

“ஒருத்தனுக்காவது புரிஞ்சுது” என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார் டீச்சர். “உனக்கு. ஏழாவது படிக்கும்போது. நான் செஞ்ச முத படம். புரியுது டீச்சர்னு சொன்னியே, அந்த ஒத்தச் சொல்லுக்காகத்தான் இன்னைக்கு வரைக்கும் செஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

“அந்தப் படம் இருக்கா டீச்சர்?”

இல்லாமலா? தலைப்பிள்ளையின் அரைஞாணை எடுத்து வைப்பது போல அதை மட்டும் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார். போய் எடுத்து வந்தார். சணல் கறுத்துப் போயிருந்தது.

என்ன படம் என்று சொல்லவில்லை. அவர் கைக்கு நேராக வைத்தார்.

இசக்கிமுத்துவின் விரல்கள் ஒரு ஓரத்தில் தொடங்கின. மேலே ஏறின. ஒரு முடிச்சில் நின்றன. வந்த வழியே திரும்பின. மறுபடியும் அந்த முடிச்சுக்கே போயின.

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இசக்கிமுத்து முகத்தை நிமிர்த்தினார்.

“புரியுது டீச்சர்.”

ஏழாம் வகுப்புப் பையனின் அதே இழுப்பு. டீச்சரின் வயிறு குளிர்ந்து போனது. துணியை எடுத்து அட்டையைச் சுற்றக்கூடப் போனார்.

அப்புறம்தான் பகீரென்றது. நஸ்ரினும் இதையேதான் சொன்னாள்.

இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பார்ப்பதை விட்டுவிட்டு, அட்டையின் மேல் இன்னும் அந்த முடிச்சிலேயே நின்ற விரல்களைப் பார்த்தார்.

“என்ன புரியுது?” என்று கேட்டார்.

“இத நீங்க அன்னைக்கே கேட்டிருந்தா நான் அழுதிருப்பேன் டீச்சர்” என்றார் இசக்கிமுத்து. “அழுதுட்டு, எங்க புரியலன்னு சொல்லியிருப்பேன்.”