கடுகுக்குக் கொஞ்சம் மேலே

சபேசன் எடையைச் சரியாகத்தான் சொன்னான். ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோயிற்று.

சபேசன் வேலை பார்க்கும் வைரக்கடைக்குத் தோடு வாங்க வந்த தபால்காரர் ராஜமாணிக்கம், "எத்தனை காரட்டுங்க?" என்று கேட்டார். சபேசன், "ஒரு காரட்" என்றான். காதுக்கு ஏழு கல், இரண்டு காதுக்கும் பதினாலு. அத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு காரட். சேர்ந்து என்பதை அவன் சொல்லவில்லை. அவருக்குக் கேட்கவும் தெரியவில்லை.

அவர் சம்பந்தி வீட்டில் போய், "பெண்ணுக்கு ஒரு காரட் வைரத் தோடு" என்றார். சம்பந்தியம்மாள் சுண்டைக்காய் பருமனில் ஒற்றைக் கல்லை மனசில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்ணின் காதைப் பார்த்தாள். "பொய் சொல்லிப் பெண் கொடுக்கிற இடம் நமக்கு வேண்டாம்" என்று தட்டு மாற்றாமலே எழுந்துவிட்டாள்.

தெருத் தெருவாகக் கடிதம் கொண்டுபோகிற மனுஷன். இப்போது அவருக்கு முன்னாலேயே போய் நிற்கிறது, புளுகன் என்கிற பேர்.

மறுநாள் காலை சபேசன் தையல்நாயகி முன்னால் வந்து நின்றான். அவள் முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கடையில் கல் பார்க்கிறவள். வடக்கு ஜன்னலோரம் மேஜை, கண்ணில் லென்ஸ். சபேசனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஜவுளிக்கடையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"அக்கா, நான் பொய் சொல்லலை."

"சரி."

"கல்லு ஒண்ணு ஏழு செண்ட். பதினாலு கல்லுக்குத் தொண்ணூத்தெட்டு. நூறு செண்ட் ஒரு காரட். நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு குறையுது."

"அது... பேச்சுக்குச் சொல்றதுதானே."

தையல்நாயகி லென்ஸை எடுக்கவில்லை. "உனக்குப் பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு பொண்ணு. தெரியாதா உங்களுக்கு?"

"வயசு?"

"பதிமூணு, ஒன்பது."

"இருபத்திரண்டு வயசுல பொண்ணு இருக்குன்னு தரகர்கிட்டே சொல்லிவை. நாளைக்கே வரன் வரும்."

சபேசன் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்போ யாராவது கேட்டா எப்படித்தான்க்கா சொல்றது?"

"சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சுபோச்சு. உனக்கு முன்னாடி ஏழு பேருக்குச் சொல்லியாச்சு." அவள் அடுத்த கல்லை இடுக்கியால் எடுத்தாள். "முதல்ல அந்தச் சம்பந்தி வீட்டுக்குப் போ. ராஜமாணிக்கத்தையும் கூட்டிக்கிட்டுப் போய், தப்பு யாருதுன்னு சொல்லிட்டு வா."

"அந்தம்மா செருப்பைத் தூக்குவாங்க."

"குனிஞ்சுக்கோ."

போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது தையல்நாயகி கற்களைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அடி விழுந்துச்சா?"

"இல்லை. கல்யாணப் பொண்ணு சுகந்தியும் கூட வந்துச்சு. அவங்கப்பா வேண்டாம்னு சொன்னாரு, கேட்கலை."

"நீ என்ன சொன்னே?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். காரட்னா என்ன, செண்ட்னா என்ன, வெட்டு, நிறம், நீரோட்டம்னு ஆரம்பிச்சேன். 'புடவை விரிக்கிற மாதிரி விரிக்காதேய்யா, போய்யா'ன்னாங்க."

"சொல்லுவா. அப்புறம்?"

"நான் எழுந்துட்டேன். ராஜமாணிக்கம் தலையே நிமிரலை. சுகந்திதான் ஒரு தோட்டைக் கழற்றி அந்தம்மா உள்ளங்கையில வச்சுது. 'ஒரு கல்லை மட்டும் விரலால தொட்டுப் பாருங்க'ன்னுது. தொட்டாங்க. 'ஒண்ணு இவ்வளவுதான். கடுகுக்குக் கொஞ்சம் மேலே. இந்த மாதிரி பதினாலு இருக்கு. எங்கப்பாவால முடிஞ்சது இது. பிடிச்சா வச்சுப் பேசுங்க. பிடிக்கலைன்னா கொடுத்துடுங்க, நாலரை பஸ்ஸைப் பிடிக்கணும்'ன்னுது."

தையல்நாயகி மடிப்பதை நிறுத்தினாள்.

"அவ என்ன சொன்னா?"

"கையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 'இதை அன்னிக்கே இப்படிச் சொல்றதுக்கென்ன'ன்னாங்க. அப்புறம் அவங்களே சுகந்தியைப் பக்கத்துல உட்காரவச்சு, தோட்டைப் போட்டு, திருகாணியைத் திருகிவிட்டாங்க. வெள்ளிக்கிழமை தட்டு மாத்துறாங்க."

"நீ என்ன பண்ணினே?"

"காப்பி கொடுத்தாங்க. குடிச்சேன்."

அவள் பொட்டலங்களைப் பெட்டிக்குள் அடுக்கினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"யார்கிட்டே தொழில் கத்துக்கறேன்னு கேட்டா, யாரைச் சொல்றே?"

"உங்களைத்தான். வேற யாரை?"

"இனிமே சொல்லாதே."

சபேசன் எழுந்து நின்றான். "கோபமாக்கா? பின்னே யார் பேரைச் சொல்றது?"

தையல்நாயகி பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சுகந்தி."