பெரியம்மா தேய்த்த சீயக்காய்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசும். பேசுவது மட்டுமா, பொறாமையும் படும். நீர்க்காகம், ஊர்க்காகம் என்ற பிரிவெல்லாம் அப்போது கிடையாது. எல்லாம் ஒரே காகம்தான்.

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் அக்காளும் தங்கையுமாக இரண்டு காகங்கள் குடியிருந்தன. அக்காள் மூக்காயி, தங்கை வெள்ளையம்மா. காகத்துக்குப் போய் வெள்ளையம்மா என்று யார் பேர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு மகன். இரண்டு பேரையும் கூழைக்கடா வாத்தியாரிடம் மீன்பிடி பழக விட்டிருந்தார்கள்.

மூக்காயி மகன் சீனி தண்ணீரைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வான். வெள்ளையம்மா மகன் உடையான் முங்கினால் ஒரு பொடிமீனாவது கவ்விக்கொண்டுதான் எழுவான். "அவனைப் பார்த்துப் பழகுடா" என்று வாத்தியார் சீனியிடம் சொன்னது மூக்காயி காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

பரீட்சை வந்தது. "மீனோடு வருகிறவன் வம்சத்துக்கு இந்த ஏரி. வெறும் வாயோடு வருகிறவன் வேறு பிழைப்புப் பார்க்கட்டும்" என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

அன்று காலையில் மூக்காயி சீயக்காயோடு தங்கை கூட்டுக்கு வந்தாள். "பரீட்சைக்குப் போகிற பிள்ளை. நான் குளிப்பாட்டி விடுகிறேன்."

"உனக்கு எதுக்குக்கா சிரமம்?"

"உன் பிள்ளை வேறு, என் பிள்ளை வேறா?"

அப்போதெல்லாம் காகத்தின் இறகில் எண்ணெய்ப் பசை இருக்கும், தண்ணீர் ஒட்டாது. பசை போனால் இறகு நனைந்து கனக்கும், பையன் பயந்து கரையேறிவிடுவான் என்பது அவள் கணக்கு. தேய் தேய் என்று தேய்த்தாள்.

"கண்ணு எரியுது பெரியம்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கடா ராசா."

வீட்டுக்குப் போய், தன் மகனுக்கு எண்ணெயை வழிய வழியப் பூசினாள்.

ஏரியில் இறங்கிய சீனி நெற்றுத் தேங்காய் மாதிரி மிதந்தான். எவ்வளவு முக்கியும் தலை உள்ளே போகவில்லை. உடையானையோ நனைந்த இறகு கீழே இழுத்தது. பயந்தான்தான், ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு போனான். இதுவரை யாரும் போகாத ஆழத்தில் விரால்கள் படுத்திருந்தன. ஒன்றைக் கவ்விக்கொண்டு எழுந்தான்.

"இவ்வளவு ஆழம் எப்படிடா போனாய்?" என்றார் வாத்தியார்.

"பெரியம்மா குளிப்பாட்டி விட்டாங்கய்யா."

"பெரியம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று கரையே மெச்சியது. வெள்ளையம்மா ஓடிவந்து அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூக்காயி தங்கையை விலக்கிவிட்டு, இன்னும் மிதந்துகொண்டிருந்த தன் மகனைக் கரைக்கு இழுக்கப் போனாள்.

போன எண்ணெய்ப் பசை உடையான் வம்சத்துக்குத் திரும்பவே இல்லை. அன்று முதல்தான் நீர்க்காகம் முங்கி எழுந்ததும் பாறையில் சிறகை விரித்துக் காயவைக்கிறது. ஊர்க்காகம் மீன் கழுவுகிற இடத்தில் குடலுக்குக் காத்துக்கிடக்கிறது, அந்த ஈரச் சிறகைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் வயிறெரிந்து கத்துகிறது.