பிளேனை முந்தின ஜெபசிங்

ஞானசெல்வம் டீச்சருக்கு ஏணியில ஏறினாலே தலை சுத்தும். அப்படிப்பட்டவங்களுக்கு மருமகன் மத்தியானப் பிளேன்ல டிக்கெட்டைப் போட்டுட்டார். சென்னையில மகளை ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. தலைப்பிரசவம். "அம்மா எப்ப வருவா"ன்னு அழுதுக்கிட்டு கிடக்கா. தூத்துக்குடியிலேர்ந்து பிளேன்ல ஒண்ணரை மணி நேரம், ரோட்டுல பத்து மணி நேரம். பிள்ளை பொறக்கறதுக்குள்ள போகணும்னா பிளேன்தான். டீச்சருக்கும் அது தெரியும். ஆனா கால் என்னவோ டாக்சி ஸ்டாண்டுலதான் வந்து நின்னுச்சு.

டிரைவர் ஜெபசிங்குக்கு நீளச் சவாரி கிடைச்சு ரொம்ப நாளாச்சு. டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் விடுவானா?

"பிளேனை நம்பியா போறீய டீச்சர்? போன தையில ஒரு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு மெட்ராஸ் போனேன். இங்க சுடச்சுட இட்லி பார்சல் வாங்கினோம். தாம்பரத்துல பொட்டலத்தைப் பிரிச்சா ஆவி பறக்கு. மாப்பிள்ளை நாக்கைச் சுட்டுக்கிட்டாரு."

டீக்கடை பிச்சையா கிளாஸைக் கழுவிக்கிட்டே, "வே, வழியில டோல்கேட்டு ஒண்ணும் கிடையாதோ?"ன்னார்.

"இருக்கும். நான் வார காத்துக்கே கம்பி தானா தூக்கிக்கிடும்."

டீச்சர் பெட்டியைக் கீழ வச்சாங்க. பொய்னு தெரியுது. ஆனா அதுல கால்வாசியாவது நிஜமா இருந்திரக்கூடாதான்னு மனசு கிடந்து அடிச்சுக்குது.

"ஹாரன் கதையைக் கேளுங்க. விக்கிரவாண்டியில ஒரு மாட்டைப் பாத்து ஹாரன் அடிச்சேன். சத்தமே வரல. ரிப்பேராயிட்டு போலன்னு விட்டுட்டேன். திண்டிவனத்துல டீ குடிச்சுக்கிட்டு நிக்கேன், அப்பத்தான் பின்னாலேர்ந்து அந்தச் சத்தம் மூச்சிரைக்க வந்து சேருது."

"மாடு?"ன்னார் பிச்சையா.

"அது இன்னும் என்னைப் பாக்கவே இல்ல."

டீச்சர் உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கினாங்க. ஆள் மசியுதுன்னு ஜெபசிங்குக்குத் தெம்பு வந்திருச்சு.

"பிளேன் எனக்கு முன்னாடியே கிளம்பினதுதான். மதுரை தாண்டிப் பாக்கேன், தலைக்கு மேல மாட்டுவண்டி கணக்கா அசைஞ்சு அசைஞ்சு போகுது. உள்ள அவனவன் குறட்டை விட்டுத் தூங்குதான். ஒரு அம்மா ஜன்னலோரமா உக்காந்து பூக் கட்டுதாங்க, மடியிலேர்ந்து ஒரு பூ சிந்தல. பைலட் என்னைப் பாத்துட்டுக் கண்ணாடிய இறக்கினான். 'அண்ணே, கொஞ்சம் பைய ஓட்டுங்க. எங்களை இறக்கிவிடு, அந்தக் கார்ல போறோம்னு எல்லாரும் மல்லுக்கட்டுதாங்க'ங்கான்."

"நீரு என்ன செஞ்சீரு?"ன்னார் பிச்சையா.

"பாவம், புள்ளகுட்டிக்காரன். உளுந்தூர்பேட்டையில ஒரு தூக்கம் போட்டு, அவனை முன்ன போக விட்டேன்."

டீச்சர் வாய்விட்டே சிரிச்சாங்க. காலையிலேர்ந்து இருந்த பிளேன் பயம் சிரிச்ச சிரிப்புல எங்கேயோ போயிருச்சு. "சரி, வண்டிய எடு"ன்னாங்க.

ஜெபசிங் ஓடிப்போய் பெட்டியை டிக்கியில வச்சான். பிச்சையாவைப் பாத்து ஒரு கண்ணடிச்சான். "மெட்ராஸ்ல எந்த ஆஸ்பத்திரி டீச்சர்?"னு கேட்டுக்கிட்டே சாவியைப் போட்டான்.

"ஏர்போர்ட்டுக்கு விடு."

திருகப் போன கை அப்படியே நின்னுச்சு. "என்ன டீச்சர், இவ்வளவு நேரம் சொன்னேனே..."

"நீ சொன்ன பிறகுதான் ஜெபசிங்கு எனக்குப் பயமே போச்சு. பூக் கட்டிக்கிட்டே போற அளவுக்குப் பிளேன் பையப் போகுதுன்னா எனக்கென்ன வந்துச்சு? உன் கார்தான் வேண்டாம். நீ போற வேகத்துக்கு மெட்ராஸ்ல போய் இறங்கினா, என் மகளுக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. மறுபடியும் மாப்பிள்ளை தேட எனக்குத் தெம்பு இல்ல."