சொட்டு இல்லாத டேங்க்

"இன்னும் என்னத்தம்மா விடணும் நான்? எல்லாத்தையும் விட்டாச்சு. எனக்கு மட்டும் ஏன் காவி தர மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் ஆவுடையப்பன். கேட்கப்பட்ட உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் நாலு அறையும் ஒரு கிணறுமாக இருந்த மடம் அது. உலகம்மைதான் அதற்குத் தலைவி. வயதில் ஆவுடையப்பன் மூத்தவர். ஆனாலும் அவர் "அம்மா" என்பார். உலகம்மை "அண்ணாச்சி" என்பார்.

"என்னென்ன விட்டீங்க, அண்ணாச்சி?"

"பட்டறையை விட்டேன். வீட்டை விட்டேன். செண்பகராமன்னு ஒரு தம்பி இருந்தான், அவனையும் விட்டேன்."

"தம்பி என்ன செஞ்சார்?"

"அப்பா பேரும் என் பேரும் இருந்த பட்டறை போர்டுல பெயிண்ட் அடிச்சு, தன் பேரை மட்டும் எழுதிக்கிட்டான். 'இனி உன் வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

"கோவம்."

"அப்பக் கோவம். இப்ப அதுவும் இல்லை. உள்ளே ஒண்ணுமே இல்லைம்மா. சுத்தமாக் காலி."

"தம்பி தன் மகளுக்குக் கல்யாணம்னு ரெண்டு தடவை நம்ம வாசல்ல வந்து நின்னாரே."

"நின்னான். நான் வெளியே வரலை. காலியா இருக்கிறவன் எதுக்கு வரணும்?"

உலகம்மை ஒரு முற்றல் தண்டைக் கிள்ளி எறிந்தார்.

"நம்ம கார்ல பெட்ரோல் ஒழுகுது. அதை அடைச்சுக் குடுங்க."

"அடைச்சா?"

"காவி பெட்டியிலதான் இருக்கு. பூட்டுப் போடலை. நீங்களே எடுத்துக்கலாம்."

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தீயோடும் தகரத்தோடும் வளர்ந்த மனுஷன். டேங்க் அடைப்பது அவருக்குச் சுண்டைக்காய் வேலை.

அந்தக் கார் அவர்கள் இருவருக்கும் மூத்தது. யாரோ ஒரு பக்தர் மடத்துக்குக் கொடுத்தது. மலைமேல் ஊரில் யாருக்கு வலி வந்தாலும் அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். பால்நிறம், உருண்டை முதுகு. பக்கத்தில் போனாலே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது.

அடியில் படுத்துப் பார்த்தார். ஒழுகுகிற இடத்தில் சலவைச் சோப்பு அடை அடையாக அப்பியிருந்தது.

"இது யார் பண்டுவம்?"

"என் பண்டுவம்தான்," என்றார் உலகம்மை. "ஒழுகும்போதெல்லாம் தேய்ப்பேன். நின்னுடும்."

"நல்லா நிக்கும்! என்னைக்காவது ஒரு பீடித்துண்டு விழுந்தா, வண்டியும் நிக்கும், நோயாளியும் நிப்பான்."

"புது டேங்க் போட்டுருவமா?"

"இந்தக் கிழவிக்கு எவன் புது டேங்க் செஞ்சு வச்சிருக்கான்? தகடு நல்ல கனம்மா. ஒரே ஒரு இடம்தான் அரிச்சிருக்கு. பித்தளையைத் தீயில உருக்கி ஊதி அடைச்சுட்டா நமக்கப்புறமும் இருக்கும்."

டேங்கைக் கழற்றினார். மிச்சப் பெட்ரோலை வடித்தார். சோப்பைச் சுரண்டினார். வாயைக் கவிழ்த்து வெயிலில் போட்டார். மறுநாள் தூக்கிக் குலுக்கினார்.

"பாருங்கம்மா. சொட்டு இல்லை. தீ வச்சு ஊத கேஸ் செட் ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

"சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்கு."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இந்தச் சுத்துவட்டாரத்துல கேஸ் செட் யார்கிட்ட இருக்கு, அண்ணாச்சி?"

ஆவுடையப்பனின் முகம் சுருங்கியது. அதற்குள் வேன் சத்தம் கேட்டுவிட்டது.

செண்பகராமன் சிலிண்டர்களை இறக்கினார். குழாயை மாட்டினார்.

"அண்ணே."

ஆவுடையப்பன் மலையைப் பார்த்தார்.

"சாமானை வச்சிட்டுப் போகச் சொல்லுங்கம்மா."

"நான் ஒண்ணும் அவரைப் பார்க்க வரலைன்னு சொல்லுங்கம்மா," என்றார் செண்பகராமன். "டேங்கைப் பார்க்க வந்தேன். அது மூஞ்சியத் திருப்பாது."

உலகம்மை யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியோடு வந்தார். டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலிதானே, அண்ணாச்சி?"

"சுத்தமாக் காலி."

"அப்ப ஆரம்பிச்சுரலாம்."

குச்சியை உருவினார்.

"அம்மா!"

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள். ஆவுடையப்பன் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

"காலி டேங்க்கிட்ட யாராவது தீயைக் கொண்டு போவாங்களா? ரொம்பின டேங்காவது நின்னு எரியும், ஓடித் தப்பிக்கலாம். காலி டேங்க் வெடிச்சிரும்!"

"ஒண்ணுமில்லாததுல எது வெடிக்கும்?"

"ஆவிம்மா! கண்ணுக்குத் தெரியாது. வெயில்ல போட்டாலும் முழுசாப் போகாது. சொட்டு இல்லை, சொட்டு இல்லைன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம். அது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஒரு பொறி பட்டாப் போதும்..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

உலகம்மை காத்திருந்தார். ஆவுடையப்பன் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப எப்படித்தான் ஊதுறது?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார் உலகம்மை.

"தண்ணி ஊத்தணும்மா. ஓட்டைக்கு ஒரு விரக்கடை கீழ வரைக்கும் ரொப்பிட்டா, ஆவிக்கு இடமிருக்காது. அப்புறம் தீ காட்டலாம்." செண்பகராமன் தலையைக் குனிந்துகொண்டார். "அண்ணன் எனக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம் அது."

வாயும் ஓட்டையும் மேலே வரும்படி டேங்கைச் சாய்த்து நிறுத்தினார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் கல் வைத்து அண்டக்கொடுத்தார்.

அடுப்படிக் குடங்கள் வந்தன. ஊற்ற ஊற்ற டேங்க் குடித்துக்கொண்டே இருந்தது. கடைசிக் குடமும் தீர்ந்தது. இன்னும் ஒரு சாண் பாக்கி.

"அவ்வளவுதான்," என்றார் உலகம்மை. "கரண்டு வந்தாத்தான் மோட்டார் ஓடும். கிணத்துல வாளியும் இல்லை."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வேன்ல ஒரு கேன் கிடக்கு," என்றார் செண்பகராமன். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீட்டுத் தண்ணி."

உலகம்மை குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் டேங்கின் வாய்க்குள் பார்த்தார். இருட்டுத்தான் தெரிந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"கொண்டா," என்றார்.

கேன் வந்தது. ஆவுடையப்பனே வாங்கி ஊற்றினார். தண்ணீர் ஏறி ஏறி, ஓட்டைக்கு ஒரு விரக்கடை கீழே வந்து நின்றது. கேனில் கொஞ்சம் மிஞ்சியது. வாங்கி வைக்கலாமென்று தம்பி கையை நீட்டினார்.

ஆவுடையப்பன் கொடுக்கவில்லை. கேனைத் தூக்கி அண்ணாந்தார். மடக் மடக்கென்று குடித்தார். தாடியிலும் நெஞ்சிலும் வழிய வழியக் குடித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இப்பப் பத்த வை."