கதவைப் பார்த்து அழுதவள்

“முகமே தெரியலை, சாமி. யாரைப் பார்த்து நான் அழறது?”

மூடியிருந்த கதவைப் பார்த்துத்தான் பங்கஜவல்லி இதைக் கேட்டாள்.

கல்மடத்துச் சாமியின் வழக்கம் அப்படி. அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். வந்தவர்கள் படியில் உட்கார்ந்து கதவிடம் சொல்ல வேண்டும். பதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். அவளுக்கு ஒரு மகன் இருந்தால் சாமியின் வயதுதான் இருக்கும். அவ்வளவு சின்னவரிடம் போய்ச் சொல்வதில் அவளுக்குக் கொஞ்சம் குறைதான். ஆனாலும் அவள் மனசு விட்டுப் பேசக்கூடிய கதவு ஊரில் இது ஒன்றுதான்.

பங்கஜவல்லி பெயர் போன நாடகக்காரி. அவள் மேடையில் அழுதால், முன்வரிசையில் வெற்றிலை மெல்லுகிற வாய் அப்படியே நிற்கும். ஒருநாள் மேடைப் பலகை முறிந்து அவள் கால் உடைந்தது. கால் கூடுவதற்குள் வானொலி நிலையம் கூப்பிட்டது. நாடகத்துக்குக் குரல் கொடுக்கக் கால் எதற்கு என்றார்கள். போனாள்.

கையும் வேண்டாம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

“வளையலைக் கழட்டச் சொல்றாங்க, சாமி. சத்தம் கேக்குமாம். அழுதுக்கிட்டே கையை நீட்டினா மைக்குல இடிக்குது. எதிர்ல ஒரு கண்ணாடி. அதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர். நான் பெத்த பிள்ளையைத் தொலைச்சவளா நின்னு கதறுறேன், அந்த மனுஷன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார்!”

கதவு ஒன்றும் சொல்லவில்லை.

“ஊரெல்லாம் கேக்குதுங்கிறாங்க. யார் கண்டா? இப்ப எனக்குக் கால் கூடிடுச்சு. நாடகக் கம்பெனி முதலாளி ஆள் அனுப்பியிருக்கார். புதன்கிழமை வண்டி கிளம்புது. வானொலியை விட்டுட்டுப் போயிடட்டுமா?”



அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கைதட்டலுக்கு அலையுறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு மக இருக்கா.”

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“நாடகக்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா யார் கட்டுவாங்க? எங்கண்ணன் தன்னோட மகள்னு சொல்லி நல்ல இடத்துல கட்டிக் குடுத்தார். நான் அந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு பேச்சு. சரின்னேன். வேற என்ன சொல்ல? ஆனா வருஷா வருஷம் அந்த ஊர்ல நாடகம் போடுவோம். பெத்தவ நான்னு அவளுக்குத் தெரியும், வந்துடுவா. பொம்பளைங்க பக்கம், கயித்து ஓரமா உக்காந்திருப்பா. ‘ஒரே ஒரு தரம் திரும்பிப் பாரடி, மகளே’ன்னு ஒரு வசனம். திருவிழாவுல தொலைஞ்ச பிள்ளையைத் தேடி அழறது. நான் அவ பக்கம் பார்த்துத்தான் சொல்வேன்.”

கையிலிருந்த வளையலை உருட்டிக்கொண்டே மேலே சொன்னாள்.

“நான் பார்த்ததும் அவ முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்குவா. பக்கத்துலயே மாமியா. அழுதது தெரிஞ்சா ஏன்னு கேப்பாங்களே. அந்த முந்தானையைத்தான் சாமி இத்தனை வருஷமும் பார்த்துட்டு வந்தேன். வானொலியில அதுகூட இல்லையே! அந்த வீட்டுக் கூடத்துல ரேடியோ பெட்டி இருக்குதாம். இருந்து என்ன? அவ கேக்குறாளான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அழுதாள். மேடையில் அழுகிற அழகான அழுகை இல்லை இது. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது. பெற்றவளின் ஏக்கத்துக்கு ஒப்பனை ஏது?

அழுது முடித்துக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. எழுந்து கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது.

உள்ளே ஒரு பாய், ஒரு சொம்பு. சாமி இல்லை.

“அடப்பாவி!” என்றாள், குரு என்பதையும் மறந்து. “வெறும் கதவுகிட்டயா இவ்வளவும் சொன்னேன்?”

பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

கடைசிப் படியில் சாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு விறகுக் கட்டு. அவள் திரும்பியதும் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“எப்ப வந்தீங்க?”

“நீ உக்காந்தப்பவே, தாயி.”

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“அப்ப எதுக்கு இப்ப முகத்தை மூடுறீங்க?”

“நீ திரும்பிட்டியே.”

பங்கஜவல்லி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரமாக இருந்தது. வெகுநேரமாக நனைந்த ஈரம்.

அவள் கதவை மெல்லச் சாத்தினாள். சாமிக்கு முதுகைக் காட்டி, முன்பு இருந்த இடத்திலேயே, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள். கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் வானொலியில நாடகம், சாமி,” என்றாள். “கூடத்துப் பெட்டி சத்தம் கேக்குற அடுப்படியில அவ தனியா இருக்கிற நேரம். கண்ணு ஏன் கலங்குதுன்னு யாராவது கேட்டாலும் புகைன்னு சொல்லிக்குவா.”