பந்தி முடிந்ததும் திறக்கும் குழாய்

எட்டு நாளாக இப்படித்தான். மதியப் பந்தி முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, மடத்துச் சமையலறையில் ஆள் நடமாட்டம் நின்றதும் அந்தக் குழாய் தானாகத் திறந்தது.

அதற்குத் திருகு கிடையாது. கழுத்துக்குக் கீழே சின்னதாய் ஒரு கண். கையைக் காட்டினால் தண்ணீர் வரும், எடுத்தால் நிற்கும். பக்தர் ஒருவர் மாட்டிக் கொடுத்தது. மாட்டிய நாளிலிருந்து அது வைத்ததுதான் சட்டம். சோறு வடிக்கும் ஆவி பட்டால் கொட்டும். கரி பிடித்த அண்டாவை நீட்டினால் கண்டுகொள்ளாது. பல்லி ஓடினால் திறக்கும். பாத்திரம் கழுவும் பெண்கள் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஏண்டி, இதுக்கு நானெல்லாம் ஒரு ஆளாவே தெரியலையா?” என்று திட்டுவார்கள்.

அதை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் பூவலிங்கம் ஒருவர்தான். முப்பது வருஷம் குழாய்க்கடை வைத்திருந்தவர். கடையை விற்றுவிட்டு, அறுபது வயதில் மடத்தை நடத்தும் வஞ்சியம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு.

ஒன்பதாம் நாள், பந்தி முடிந்த கையோடு, பூவலிங்கம் துணிப்பையுடன் வந்து நின்றார்.

“நான் ஊருக்குக் கிளம்பறேனுங்கம்மா.”

வஞ்சியம்மாள் சமையலறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து ராத்திரிச் சமையலுக்கு அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“சாப்பிட்டீங்களாண்ணா?”

“அந்தக் குழாயைக் கழட்டி எறிங்க, இருக்கறேன். இல்லாட்டி போறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அது என்ன பண்ணுச்சு?”

“ஆளில்லாம திறக்குது.”

“பளபளன்னு தட்டு ஏதாச்சும் எதிர்ல இருந்திருக்கும்.”

“எடுத்தாச்சு. கண்ணைத் துடைச்சாச்சு. பேட்டரி மாத்தியாச்சு. நேத்து பேட்டரியவே கழட்டி என் மடியில கட்டிக்கிட்டேன்.”

“அப்புறம்?”

“திறந்துச்சுங்க.”

வஞ்சியம்மாள் காயைக் கீழே வைத்தார்.

“தண்ணி நேரா விழலீங்கம்மா. ஒரு சாண் இறங்கி அந்தரத்துல தேங்குது. குழிச்ச கையில விழுந்தா எப்படித் தேங்கும், அப்படி. அப்புறம் நிக்குது. மறுபடி திறக்குது. கீழே தொட்டி காஞ்சே கிடக்குது.”

“யாருன்னு தெரியுதா?”

பூவலிங்கம் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“சித்திரை மாசமுங்க. கடையில கூட்டம். காலையில இருந்து ஒருத்தன் விலையைக் கீழ இழுத்துக்கிட்டே இருந்தான், எனக்கு மண்டை காஞ்சு போச்சு. அந்த நேரம் பாத்து ஒருத்தர் வந்து தண்ணி கேட்டாரு. சுவத்துல நூறு குழாய் மாட்டி வெச்சிருந்தேன், எல்லாம் பார்வைக்கு. ‘இத்தனை இருக்குது, புடிச்சதைத் திறந்து குடிய்யா’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.”

“அவரு?”

“நிசமுன்னு நம்பிட்டாருங்க. ஒவ்வொண்ணாத் திருகிப் பாத்தாரு. கடைசியா இந்த மாதிரி ஒண்ணு. திருகைத் தேடித் தடவினாரு. ‘கையை நீட்டுய்யா, தானா வரும்’னேன். ரெண்டு கையையும் குழிச்சு நீட்டிக்கிட்டு நின்னாரு. எவ்வளவு நேரம் நின்னாருன்னு தெரியாது. நான் பேரத்துல இருந்தேன்.”

“அப்புறம்?”

“பஸ் ஸ்டாண்டு போற வழியில விழுந்தவரு எந்திரிக்கலைன்னு சாயங்காலம் சொன்னாங்க.”

வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்திவிட்டு ஓய்ந்தது.

“எனக்காகத்தாங்கம்மா வந்து நிக்கறாரு. என்னால இங்க இருக்க முடியல.”

“ஊருக்குப் போனா அங்க குழாய் இல்லையா?”

பூவலிங்கத்துக்குக் குரல் ஏறியது.

“சரி, என்னதான் பண்ணணும்? சொல்லுங்க, பண்றேன். ஒரு மண்டலம் பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கட்டுமா?”

“நாலாம் நாளே அவரு பக்கத்துல போயி நின்னுக்குவீங்க.”

“அப்ப ஒருபொழுது. ஒரு வருஷத்துக்கு.”

வஞ்சியம்மாள் மறுபடி காயை எடுத்து நார் உரித்தார்.

“ரெண்டு வருஷம்.”

அடுத்த காயை எடுத்தார்.

“அந்த பஸ் ஸ்டாண்டு வாசல்லயே தண்ணிப் பந்தல் போடறேன். சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும். நானே நின்னு ஊத்தறேன். அவரு பேருல கல்வெட்டு வெச்சிடறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்கம்மா பண்ணுவான்?”

“கல்வெட்டுல என்ன பேரு போடுவீங்க?”



“பேரைக் கேக்கலீங்க” என்றார் பூவலிங்கம்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கவில்லை.

பூவலிங்கம் எழுந்துவிட்டார். கை பையைத் தேடியது.

வஞ்சியம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

“குடிச்சு முடிக்கட்டும். அப்புறம் போயி கேளுங்க.”